"நர்ஸுக்கா படிக்கப் போற?" என்று கேட்பதற்கு முன்

இன்னிக்குக் கோயில் அறிவிப்பு எதுவும் இல்லை. மனசுல உறுத்துற ஒரு விஷயம்.

தைப்பூச வேலைகளில் என்னோடு நிற்கும் தம்பி ஒருவன். ஓ லெவல் முடிவு வந்ததும், பாலிடெக்னிக்கில் தாதிமை படிக்கப் போறேன் என்றான். அவன் அம்மா என்னிடம் வந்து, "நீங்க சொன்னா கேப்பான். ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார். நானும் யோசிக்காமல், "நல்ல மார்க்கு வச்சுக்கிட்டு ஏன்டா தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் சொன்னது இதுதான் (அவன் அனுமதியோடு எழுதுகிறேன்): "பாட்டிக்கு இனிப்புநீர், கால்ல புண்ணுண்ணே. நாத்தம் தாங்காம நாங்களே கிட்டப் போகல. வீட்டுக்கு வந்த மிஸ்ஸி முகம் சுளிக்காம, கதை பேசிக்கிட்டே கட்டு மாத்துனாங்க. அன்னிக்குத்தான் பாட்டி நல்லாத் தூங்குனாங்க. அத நானும் கத்துக்கணும்."

எனக்கு வாயடைச்சுப் போச்சு. ரெண்டு மணி நேரம் அன்னதானம் பரிமாறிட்டு, படம் எடுத்துப் போடுகிற ஆள் நான்.

மேடையில் "புனிதமான தொழில்" என்போம். நம்ம வீட்டுப் பிள்ளை கேட்டால் மட்டும் "டாக்டருக்குப் படிக்கலாமே" என்போம். வேறு இடம் கிடைக்காதவர்கள் படிக்கும் படிப்பா இது? மூன்று வருஷ டிப்ளோமா. மருந்தின் அளவு தப்பக் கூடாது. படுக்கையில் கிடப்பவரை நேரம் பார்த்துத் திருப்பிப் போடணும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். நோயாளியின் மூச்சு மாறினால் முதலில் கவனிக்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் தாதிதான். நாம் தீபாவளிக்குக் கோயிலில் நிற்கும்போது அவர்கள் வார்டில் நிற்பார்கள்.

அதே நேரம், "சேவைதானே" என்று சொல்லிச் சம்பளப் பேச்சை மூடி மறைப்பதும் தப்பு. இங்கே 2024-ல் அரசாங்கம், பொதுச் சுகாதாரத் துறையில் நீடிக்கும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை கிடைக்கும் திட்டத்தை அறிவித்தது. மனசு இருப்பவர்களும் களைத்துப் போவார்கள், அவர்களுக்கும் குடும்பம் உண்டு என்று புரிந்துதானே செய்தார்கள்?

தம்பி விண்ணப்பம் போட்டுவிட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மா இன்னும் முழுசா சமாதானம் ஆகல.

பெற்றோர்களே, பிள்ளை தாதிமை என்றால் உடனே தடுக்காதீங்க. "ஏன்?" என்று ஒரு தடவை பொறுமையாகக் கேளுங்க. கோயிலுக்கு வரும் தாதியர் யாராவது நம்ம இளையர்களிடம் பேச முன்வந்தால், கீழே சொல்லுங்க. நல்லது கெட்டது ரெண்டையும் பேசுங்க. டீ, வடை என் பொறுப்பு.

முருகன் துணை.