பைக்கை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் எடுங்க

உங்க பைக்குக்குக் கடைசியா எதுக்குச் செலவு பண்ணீங்க? சைலன்சரா, எல்இடி லைட்டா, டேங்க் ஸ்டிக்கரா? சரி, செயினைக் கடைசியா எப்போ பார்த்தீங்க? பார்க்கிறதுன்னா குனிஞ்சு, கையால தொட்டு, அளந்து பார்க்கிறது. பதில் இல்லைன்னா பரவாயில்லை. போன வருஷம் வரைக்கும் எனக்கும் பதில் இல்லை.

என்னோடது அப்பா ஓட்டின பழைய 100 சிசி பைக். கைக்கு வந்ததும் மூணு வேலை செய்தேன். முழு செயின் கவரைக் கழட்டிப் போட்டேன். பின்னாடி அகலமான டயர் மாட்டினேன். பிக்கப் வேணும்னு முன் ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லில் இருந்து 13 பல்லுக்கு மாத்தினேன். செயினும் பின் ஸ்ப்ராக்கெட்டும் மட்டும் அதே பழசு. வீடு அரியலூர், காலேஜ் பெரம்பலூர் பக்கம். அந்த ரோட்டைப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா? சிமென்ட் ஆலை லாரிகளும் தூசியும்தான் தினமும் நமக்குத் துணை.

ஒருநாள் காலைல சுண்ணாம்புக்கல் ஏத்தின லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். 'டக் டக்'னு கால் வைக்கிற கம்பி வரைக்கும் ஒரு உதை. வண்டி முன்னால போகவே இல்லை. எதிரே பஸ். பிரேக் பிடிச்சு லாரிக்குப் பின்னாடியே ஒதுங்கினேன். அன்னைக்குத் தப்பிச்சது என் திறமையால இல்லை, அந்த பஸ் கொஞ்சம் தூரத்துல இருந்ததால.

ஹாஸ்டல் வாசல்ல நாலு பேர் கூடி 'கிளட்ச் பிளேட் போச்சு மச்சி'ன்னு தீர்ப்பு சொன்னாங்க. நாலு பேருமே மெக்கானிக்கல். நானும் நம்பி 1,400 ரூபாய்க்குக் கிளட்ச் பிளேட் மாத்தினேன். மறுநாள் அதே 'டக் டக்'. கடைசியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்ல இருந்த அண்ணன் ஸ்பானரைக்கூட எடுக்கலை. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் செயினை ரெண்டு விரலால இழுத்தார். பாதிப் பல் வெளியே தெரிஞ்சது. "செயின் செட்டே போச்சு தம்பி, கிளட்சை ஏன் பிரிச்சீங்க?"ன்னு கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. 'டிசைன் ஆஃப் டிரான்ஸ்மிஷன் சிஸ்டம்ஸ்' பேப்பர்ல பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைப் புரட்டி செயின் டிரைவ் கணக்கு போட்டு பாஸ் பண்ணினவன் நான். எனக்குக் கீழே ஓடிக்கிட்டிருந்த செயினை மட்டும் ஒருநாளும் அளந்ததில்லை.

பைக்கை மாடிஃபை பண்றது தப்புன்னு நான் சொல்ல வரலை. அளக்காம மாத்துறதும், கண்டுபிடிக்காம பார்ட்ஸ் மாத்துறதும்தான் தப்பு. இன்ஜினியரிங் படிக்கிற நாம அதைச் செய்தா ரெண்டு மடங்கு தப்பு.

நான் செய்த மூணு மாற்றத்தையும் இப்போ கணக்காப் பாருங்க. முன்னாடி 14, பின்னாடி 42 பல் இருந்தா விகிதம் 3. முன்னாடி 13 ஆக்கினா 3.23. பிக்கப் கூடும், உண்மைதான். ஆனா சின்ன ஸ்ப்ராக்கெட்டுக்கு ஆரம் குறைவு. அதே டார்க்குக்குச் செயின் மேல இழுவிசை சுமார் 7.7% கூடும். ஒவ்வொரு லிங்க்கும் 25.7 டிகிரி மடங்கின இடத்துல இனி 27.7 டிகிரி மடங்கணும். பாரமும் கூடுது, மடிப்பும் கூடுது, தேய்மானமும் கூடுது.

அகல டயருக்காக லேத்ல கடைஞ்ச ஸ்பேசர் போட்டதால ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டுல இல்லை. பல்லோட ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேய்ஞ்சிருந்தது. செயின் கவர் இல்லாததால தூசி நேரா உள்ளே. நம்ம ஊர்ல எல்லாரும் சிமென்ட் தூசி செயினைத் தின்னுதுன்னு சொல்வாங்க. சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற கால்சைட் மோஸ் அளவுல 3தான், எஃகை அது அறுக்காது. ரோட்டு மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 7. அறுக்கிறது அதுதான். சுண்ணாம்புத் தூள் ஆயிலை உறிஞ்சிக்கும், மணல் வேலையை முடிக்கும். இந்த லட்சணத்துல நான் ஊத்தினது இன்ஜின்ல இருந்து வடிச்ச கறுப்பு வேஸ்ட் ஆயில்!

அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல சத்தத்தையும் உதையையும் கவனிங்க. இன்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலை, உதை இல்லைன்னா கிளட்ச் மேல சந்தேகப்படலாம். பாரம் விழும்போது 'டக் டக்'னு குதிச்சா செயினும் பல்லும். ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மட்டும் ஒரு குலுக்கல்னா பின் ஹப்புக்குள்ள இருக்கிற கப்ளிங் ரப்பரைப் பாருங்க. இன்ஜினை ஆஃப் பண்ணி, கியர் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஸ்ப்ராக்கெட் நிக்க, சக்கரம் மட்டும் அதிகமா ஆடினா ரப்பர் போச்சு.

அடுத்து ஸ்கேல். செயின்ல 428ன்னு போட்டிருந்தா ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடிச்சு 21 பின் எண்ணுங்க, நடுவுல 20 இடைவெளி. புதுசுல 254 மி.மீ. இருக்கும். 259 தாண்டினா, அதாவது 2% கூடினா, மாத்துற நேரம் வந்தாச்சு. என்னோடது 261. செயின் நீண்டுடுச்சுன்னு சொல்றோமே, எஃகு நீளுறதில்லை. பின்னும் புஷ்ஷும் தேய்ஞ்சு, ஒவ்வொரு லிங்க்லயும் துளித்துளியா இடைவெளி சேர்றதுதான் அந்த நீளம்.

சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நாலஞ்சு இடத்துல செயின் லூஸைப் பாருங்க. ஓரிடத்துல டைட், ஓரிடத்துல லூஸ்னா சீரா தேயலை, இல்லை லிங்க் ஏதோ இறுகியிருக்குன்னு அர்த்தம். டைட்டான இடத்துல வச்சு, வண்டி மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணுங்க. ரொம்ப டைட் வச்சா கியர்பாக்ஸ் பேரிங் அடி வாங்கும். பல் சுறா முதுகு மாதிரி வளைஞ்சிருந்தா, செயின், ரெண்டு ஸ்ப்ராக்கெட் மூணையும் சேர்த்தே மாத்துங்க. பழைய செயினோட புது ஸ்ப்ராக்கெட் போட்டா புதுசும் சீக்கிரம் பழசாகிடும், நான் செய்த மாதிரி. செயின் லாக் கிளிப்போட மூடின முனை, செயின் ஓடுற திசையைப் பார்க்கணும். இன்ஜின் ஓடும்போது துணி வச்சுச் செயினைத் துடைக்கவே துடைக்காதீங்க. விரல் போயிடும்.

'இதெல்லாம் மெக்கானிக் வேலை, நமக்கு எதுக்கு?'ன்னு சிலர் கேட்பீங்க. மாத்துற வேலையை மெக்கானிக் அண்ணனே செய்யட்டும். எதை மாத்தணும், ஏன் மாத்தணும்னு தெரியறது உங்க வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆனா போலீஸ் பிடிக்காட்டியும் செயின் விடாது. அறுந்து பின் சக்கரத்துல சிக்கினா சக்கரம் அப்படியே லாக் ஆகும். அப்போ பின்னாடி ஒரு லாரி வந்தா?

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு கோரிக்கை. லேப் டேபிள்ல ஒரு புது செயின் செட், ஒரு தேய்ஞ்ச செட், ஒரு வெர்னியர் வைங்க. முதல் வகுப்பை அதை அளக்கிறதுல ஆரம்பிங்க, டேட்டா புக் அப்புறம் வரட்டும். என் பழைய 261 மி.மீ. செயினை இன்னும் தூக்கிப் போடலை. கேட்டா அதையே கொண்டுவந்து தர்றேன்.

இப்போ என் பைக்ல பழைய அளவு டயர், 14 பல், புது செயின், செயின் கவர் எல்லாம் திரும்பி வந்தாச்சு. மாஸ் குறைஞ்சுடுச்சுன்னு பசங்க கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும். இன்னைக்கு சாயங்காலம் பார்க்கிங்ல ஒரு ஸ்டீல் ஸ்கேலோட குனிஞ்சு 21 பின் எண்ணுங்க. 259 தாண்டியிருந்தா, அந்தப் புது ஸ்டிக்கரை அடுத்த மாசம் வாங்கிக்கலாம்.