தகவல் ஒருவழிப் பாதையா?

காவல் துறையின் மீது நம் சமுதாயத்துக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறோம். அதை மீட்க வழி கேட்டால் காற்பந்துப் போட்டி, இரத்த தான முகாம், பொங்கல் விழாவில் காவல் நிலையத் தலைவருக்குப் பொன்னாடை என்று பட்டியல் நீள்கிறது. இவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால், மகனைத் தேடி வரும் ஒரு தாய்க்குக் காவல் நிலையக் கவுண்டரில் கிடைக்கும் பதிலை எந்தப் பொன்னாடையும் ஈடுகட்டாது என்பது என் கருத்து.

2005-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். துன் முகமது சைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் காவல் துறையைச் சீரமைக்க 125 பரிந்துரைகளை அவ்வாண்டு முன்வைத்தது. காவலர்கள் மீதான புகார்களைச் சுயேச்சையாக விசாரிக்கும் ஐ.பி.சி.எம்.சி. ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. அதே ஆண்டில்தான் 'ராக்கான் கோப்' திட்டமும் தொடங்கியது. குற்றச்செயலைக் கண்டால் கைத்தொலைபேசிவழி குறுஞ்செய்தி அனுப்பிக் காவலருக்கு உதவுங்கள் என்று பொதுமக்கள் அழைக்கப்பட்டார்கள்.

நாம் அவர்களுக்குத் தகவல் தரும் ஏற்பாடு உடனே வந்தது. அவர்கள் நமக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு? 2011-இல் அமைந்த இ.ஏ.ஐ.சி. அமலாக்கத் துறைகள் பலவற்றுக்கும் பொதுவானது. 2019-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. 2022-இல் பெயர் மாறி, அதிகாரம் சுருங்கி, ஐ.பி.சி.சி. சட்டமாக நிறைவேறி, 2023 ஜூலை 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! நிறைவேறிய அந்தச் சட்டத்தின்படி ஆணையம் தானே ஒருவரைத் தண்டிக்க முடியாது, பரிந்துரைக்கலாம். லாக்காப்பைப் பார்வையிடவும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சொல்லிவிட்டு வரும் விருந்தாளிக்கு எந்த வீடும் சுத்தமாகத்தான் இருக்கும்.

2009 ஜனவரியில் சுபாங் ஜெயா, தைப்பான் காவல் நிலையத்தில் ஏ. குகன் இறந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் கேட்டுப் பெற்ற இரண்டாவது பரிசோதனையில் உடலெங்கும் அடிபட்ட காயங்கள் பதிவாயின. அம்மரணத்துக்குக் காவல் துறையும் அரசாங்கமும் பொறுப்பு என்று உயர்நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. முதலில் சொல்லப்பட்ட காரணத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே நான்கு ஆண்டுகள்.

இறப்பு வரை போகாத சம்பவங்களிலும் இதே நோய்தான். எங்கள் தாமானில் ஓர் அக்காவின் மகனை ஓர் இரவு பிடித்துக்கொண்டு போனார்கள். "தம்பி, நீ படிச்ச பிள்ளை, கொஞ்சம் வந்து மலாய்ல கேளேன்" என்று என்னை அழைத்தார். மூன்று நிலையங்கள் ஏறி இறங்கினோம். கவுண்டரில் இருந்தவர்கள் முரடர்கள் அல்லர். வேறொரு பிரிவு பிடித்தவரைப் பற்றி அவர்களுக்கே தெரியவில்லை. மறுநாள் பிற்பகல், ரிமாண்ட் உத்தரவு பெற்ற பிறகே பையன் இருக்குமிடம் தெரிந்தது. நான்காம் நாள் குற்றச்சாட்டு எதுவுமின்றி விட்டுவிட்டார்கள்.

சென்ற ஆண்டு அதே அக்காவின் சங்கிலியை மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். ரிப்போர்ட் செய்யச் சொன்னேன். "வேணாம் தம்பி, அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்" என்றார். இதில் இலாபம் யாருக்கு? சங்கிலி அறுத்தவனுக்குத்தானே!

"நம் பிள்ளைகள் குண்டர் கும்பலில் சேராமல் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது" என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. கும்பல்கள் இருப்பது உண்மை. அவற்றுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆளில்லாமல் போவதும் உண்மை. காவல் நிலையத்துக்கே போக அஞ்சும் குடும்பம் சாட்சிக் கூண்டில் ஏறுமா?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு 2007 முதல் நடப்பில் உள்ளது. கைதானவரை விசாரிக்கத் தொடங்கும் முன், தாம் இருக்குமிடத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவும் வழக்கறிஞரோடு பேசவும் அவருக்கு உரிமை உண்டென்று காவலர் சொல்ல வேண்டும். உடந்தையானவர் தப்பிவிடுவார் என்பது போன்ற காரணங்களுக்காக இதைத் தள்ளிவைக்கலாம், ஆனால் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது அரசியலமைப்புச் சட்டம் தரும் உரிமை. அந்த அக்காவுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

காவல் துறையிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றே. யார் பிடித்திருந்தாலும், அருகிலுள்ள எந்த நிலையத்தில் கேட்டாலும், "உங்கள் மகன் இங்கே இருக்கிறார், இன்ன நேரத்தில் நீதிமன்றம் வருவார்" என்று ஒரே பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்குப் பதினெட்டு ஆண்டுகள் தேவையில்லை. காற்பந்துப் போட்டிக்கு ஆகும் செலவு போதாமலும் போகலாம், அது வேறு கணக்கு.

நம் பங்குக்கு, 28ஏ பிரிவையும் ரிமாண்ட் நடைமுறையையும், கைதானவருக்கு இலவச வழக்கறிஞர் தரும் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் விவரத்தையும் எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிடலாம். சட்டத்துறை மாணவர்கள் எழுதட்டும். வழக்கறிஞர்களாக இருக்கும் முன்னாள் மாணவர்கள் ஒருமுறை சரிபார்க்கட்டும். வரும் தைப்பூசத்தில் பத்துமலையில் நம் கழகம் போடும் தண்ணீர்ப் பந்தலிலேயே அதைக் கொடுக்கத் தொடங்கலாம்.