சிறுவர்களுக்குச் சுழி பார்ப்பதா?

மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிற தோழர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்லுகிறவன் ஒருவன். ஏரில் கட்டி இரண்டு சால் ஓட்டிப் பார்த்து விலை சொல்லுகிறவன் ஒருவன். இவர்களை விட்டால், முதுகிலும் நெற்றியிலும் மயிர் சுழித்திருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து, "இது வீட்டுக்கு ஆகாது, எஜமானைத் தின்றுவிடும்" என்று சொல்லுகிறவன் மற்றொருவன். முதல் இருவர் சொன்னது தப்பாயிருந்தால் ஒரு வாரத்தில் வெளியாகிவிடும். மூன்றாமவன் சொன்னது மாத்திரம் ஒருநாளும் தப்பாவதில்லை. ஏனெனில் அந்த மாட்டை ஒருவரும் வாங்கமாட்டார்கள். வைத்திருக்கிறவனும் வயிறாரத் தீனி போடமாட்டான். அது எலும்பும் தோலுமாகிக் கசாப்புக்குப் போகிற அன்று, "சுழி பலித்துவிட்டது பார்த்தீர்களா?" என்பான்.

இதைக் கேட்டுச் சிரிக்கிற நாம்தான், தப்புச் செய்து பிடிபட்ட பையன்கள் விஷயத்தில் அதே சுழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பையன் மறுபடியும் தப்புச் செய்வானா, செய்யாமலிருக்க அவனுக்கு என்ன வேண்டும் என்கிற கேள்வி மிகவும் பொறுப்பான கேள்வியாகும். அவனுக்காக மாத்திரமல்ல, நாளைக்கு அவனிடம் பறிகொடுக்கப் போகிறவனுக்காகவும் அது கேட்கப்பட்டே தீரவேண்டும். ஆனால் அதற்கு விடை தேடும் முறை எப்படியிருக்கின்றது என்பதுதான் இங்கு விஷயம்.

எங்கள் ஊரில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லுகிறோம். 16 வயதுப் பையன் ஒருவன், மளிகைக் கடை வாசலில் சாவியோடு நின்றிருந்த மோட்டார் சைக்கிளை எடுத்து, இரண்டு சினேகிதர்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டான். மறுநாள் காலையில் பிடிபட்டான். பொறுப்பேற்று அழைத்துக்கொண்டு போக ஒருவரும் வராததால் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டான். 2015-ம் வருஷத்திய இளைஞர் நீதிச் சட்டப்படி, குழுமத்தின் முன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாளைக்குள் பையனுடைய குடும்பம், படிப்பு, சேர்க்கை முதலியவைகளை விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். அவர் வந்தார். பையன் வீடு பூட்டியிருந்தது. தாயார் செங்கல் சூளைக்குப் போயிருந்தாள். அலுவலர் கையில் அன்றைக்கு இன்னும் நான்கு ஊர் விலாசங்கள் இருந்தன. ஆதலால் அவர் டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து விசாரிக்கத் தொடங்கினார். நாமும் அதே பெஞ்சியில்தான் இருந்தோம்.

"அவன் அப்பனும் இப்படித்தாங்க, ரத்தத்திலே ஊறினது" என்றார் ஒருவர். "அந்தத் தெருவே அப்படித்தான்" என்றார் இன்னொருவர். அப்பன் எதைத் திருடினான் என்று நாம் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. எப்போதோ ஒரு தடவை போலீசார் கூப்பிட்டுக்கொண்டு போய் மறுநாள் விட்டுவிட்டார்களாம், அவ்வளவுதான். அந்த மனிதன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப் பத்து வருஷமாகிறது. பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "படிப்பில் நாட்டமில்லை, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான்" என்றார்கள். இவ்வளவும் அறிக்கையில் ஏறிற்று.

ரத்தத்தில் ஊறியது என்கிற இந்தப் பேச்சு டீக்கடையில் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் பெரிய பெரிய படிப்பாளிகளின் பேச்சாகவே இருந்தது. இத்தாலி தேசத்து லொம்ப்ரோசோ என்கிற வைத்தியர் 1876-ம் வருஷத்தில் ஒரு புத்தகம் எழுதினார். மண்டை ஓடு, தாடை, காது இவைகளின் அமைப்பைப் பார்த்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் முடிவு. மாட்டுத் தரகனுக்குக் கோட்டும் தொப்பியும் போட்டதுதான் வித்தியாசம். இங்கிலாந்தில் கோரிங் என்பவர் 3,000 கைதிகளை அளந்து, மற்ற ஜனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அப்படிப்பட்ட தனி ஜாதி மனிதன் ஒருவனும் இல்லை என்று 1913-ல் வெளியிட்டார். அளந்து பார்த்தவுடனே சுழி மறைந்துவிட்டது.

ஆனால் நம் நாட்டுச் சர்க்காருக்கு அளந்து பார்க்க அவகாசமில்லை. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911-ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்மவர்கள் ரேகைச் சட்டம் என்று சொன்னது இதைத்தான். இன்ன வகுப்பில் பிறந்தவன் என்றால் போதும், அவன் திருடப்போகிறவன்! 6 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்கவும் அந்தச் சட்டத்தில் இடமிருந்தது. இதை எதிர்த்து நின்றவர்கள் 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் சுடப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும், தேசம் முழுவதும் 1952-லும் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்ததே தவிர, டீக்கடை பெஞ்சி ஒழியவில்லை. போலீஸ் நோட்டில் இங்கிலீஷ் எழுத்து இரண்டாக இருந்த "கேடி" என்பது நம் வீட்டுப் பிள்ளைகளைத் திட்டுகிற வார்த்தையாகவே ஆகிவிட்டதல்லவா?

நிற்க. இப்போது மேல்நாடுகளில் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். கானடா தேசத்து ஆண்ட்ரூஸ், போன்டா முதலிய மனநூல் ஆராய்ச்சிக்காரர்கள் 1990-ல் ஒரு கொள்கையை எழுதினார்கள். தப்பு மறுபடி நடக்கும் என்கிற அபாயம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் தலையிட வேண்டும். எந்தக் குறை அவனைத் தப்புக்கு இழுக்கிறதோ அந்தக் குறையை நிவர்த்திக்க வேண்டும். அதையும் அந்தப் பையனுக்குப் புரிகிற விதத்தில், பிடிக்கிற விதத்தில் செய்ய வேண்டும் என்பதே அது. இதையொட்டிப் பையன்களுக்கென்று 42 கேள்விகள் கொண்ட ஒரு தாளும் ஏற்பட்டது. முன்பும் இப்போதும் செய்த குற்றம், குடும்பம், படிப்பு அல்லது வேலை, சினேகிதர்கள், போதை, ஓய்வு வேளை, சுபாவம், மனப்போக்கு என்று எட்டுத் தலைப்புகள். ஒவ்வொரு குறைக்கும் ஒரு மார்க்கு. 8 வரை என்றால் அபாயம் கொஞ்சம். 35-ம் அதற்கு மேலும் என்றால் மிக அதிகம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எட்டுத் தலைப்புகளில் முதலாவது ஒன்றைத்தான் மாற்ற முடியாது. நடந்த குற்றம் நடந்ததுதான். மற்ற ஏழும் மாற்றக்கூடியவைகள். வீட்டில் சண்டையென்றால் பெற்றவர்களோடு பேசலாம். வேலையில்லையென்றால் தொழில் பழக்கலாம். போதையென்றால் வைத்தியம் பார்க்கலாம். ஜாதகத்துக்கும் இதற்கும் உள்ள பேதம் இங்குதான் இருக்கின்றது. ஜாதகத்தில் சனி இருக்கிற வீட்டை ஒருவனாலும் மாற்ற முடியாது. இந்தத் தாளிலோ, மார்க்கு ஏறினால் பையனுக்கு நாம் செய்யாமல் விட்டது அவ்வளவு என்று அர்த்தம். கடன் பத்திரம் போன்றது. ஆனால் கடன்காரன் பையன் அல்ல.

இந்தத் தாள் எவ்வளவு தூரம் பலிக்கிறது என்றும் கேட்க வேண்டும். மறுபடி தப்புச் செய்த ஒருவனையும் செய்யாத ஒருவனையும் ஜோடியாக நிறுத்தினால், நூறு ஜோடியில் ஏறக்குறைய 65 முதல் 70 ஜோடி வரையில் செய்தவனுக்கே இது அதிக மார்க்குப் போடுகிறது. காசைச் சுண்டிப் போட்டால் 50. காசைவிட மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் இதைக் கொண்டு ஒருவனை அடைத்துவைக்கலாமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பையன்களில் 20 பேர் மறுபடி தப்புக்குப் போகிறவர்கள் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுவோம். தாள் இரு பக்கத்திலும் நூற்றுக்கு எழுபது சரியாகச் சொல்லுவதாகவும் வைத்துக்கொள்ளுவோம். போகிற 20 பேரில் 14 பேரைப் பிடித்துவிடும். போகாத 80 பேரில் 24 பேரையும் சேர்த்துப் பிடித்துவிடும். "ஆபத்தானவன்" என்று முத்திரை விழுந்த 38 பேரில் 24 பேர் ஒரு தப்பும் செய்யப்போகாதவர்கள்! உதவி செய்வதற்கு இந்தக் கணக்கு போதும். வேண்டாதவனுக்கு இரண்டு நாள் அதிகமாகத் தொழில் சொல்லிக்கொடுத்தால் குடி முழுகிவிடாது. அடைத்துவைப்பதற்கு இது எப்படிப் போதும்?

இன்னும் பாருங்கள். "முன்பு எத்தனை தடவை பிடிபட்டான்?" என்பது பையன் நடத்தையைக் கேட்கிற கேள்வியா, போலீசார் நடத்தையைக் கேட்கிற கேள்வியா? ஊரில் எங்கே சைக்கிள் காணாமற்போனாலும் ஒரே தெருவுக்குத்தான் ஜீப் வருமென்றால், அந்தத் தெருப் பையனுக்கு மார்க்கு தானாகவே ஏறிவிடுகிறது. தாளில் ஜாதிப் பெயர் எழுத வேண்டியதே இல்லை. தெருப் பெயர் எழுதினால் போதும்! ஓய்வு வேளையில் ஒழுங்கான விளையாட்டுச் சங்கம் எதிலாவது சேர்ந்திருக்கிறானா என்பது இன்னொரு கேள்வி. பன்னிரண்டு வயதிலிருந்து காலை அய்ந்து மணிக்கு டம்ளர் கழுவுகிற பையனுக்கு ஓய்வு வேளை என்பது தூக்கம் ஒன்றுதான். அவனுக்கு அதிலும் ஒரு மார்க்குக் குற்றம். அந்தத் தேசத்திலேயே, சிறை இலாகாவின் இத்தகைய அளவுகோல்கள் பூர்வகுடிகளுக்குப் பொருந்துமா என்று சோதித்துப் பார்க்காமல் உபயோகித்தது தப்பு என்று கானடா சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புச் சொன்னது. அங்கேயே அப்படியென்றால், அதை அப்படியே பெயர்த்து இங்கே இறக்குவதைப் பற்றி என்ன சொல்வது? நம் பையன்களைக் கொண்டு சோதித்து, சில வருஷம் பின்தொடர்ந்து, தப்பினது எவ்வளவு பலித்தது எவ்வளவு என்று வெளியிட வேண்டும். அப்படிச் செய்யாத அளவுகோலும் சுழிதான்.

நம் சட்டமோ வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டு நிற்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு இளம்பெண்ணுக்கு நடந்த கொடுமையில் 17 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். அதைக் கேட்டுக் கொதிக்காதவர் மனிதரல்லர். ஆயினும் அப்போது ஏற்பட்ட நீதிபதி வர்மா கமிட்டி, சிறுவர் வயது வரம்பைக் குறைக்க வேண்டியதில்லை என்றே சொல்லிற்று. 2015 டிசம்பர் 20-ந் தேதி அந்தப் பையன் வெளியே வந்தான். 22-ந் தேதி ராஜ்ய சபையில் புதுச் சட்டம் நிறைவேறிற்று. அதன் 15-வது பிரிவுப்படி, 16 வயது நிரம்பியவன், குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷமுள்ள கொடுங்குற்றத்தில் சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்பட்டால், அக்குற்றத்தைச் செய்ய மனத்தாலும் உடலாலும் அவனுக்குச் சக்தி இருந்ததா, அதன் விளைவு அவனுக்குத் தெரியுமா, எந்தச் சூழ்நிலையில் செய்ததாகச் சொல்லப்படுகிறது என்று மூன்று மாதத்துக்குள் மதிப்பிட்டு, பெரியவர்களைப் போல் விசாரிக்க அனுப்பலாம். செய்தானா என்பது ருஜுவாவதற்கு முன்பே, செய்யக்கூடியவனா என்று பார்ப்பதாம்! இது மிகவும் நுட்பமான வேலை, இதற்கு வழிமுறைகள் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2022-ல் சொல்லவேண்டி வந்தது. அவனுக்கு என்ன தேவை, எதைக் கொடுத்தால் மாறுவான் என்பது இந்த மூன்று கேள்வியில் ஒன்றிலும் இல்லை. 21 வயதில்தான் அவன் திருந்தியிருக்கிறானா என்று பார்க்கச் சட்டம் சொல்லுகிறது. எந்த அளவுகோலைக் கொண்டு என்று சட்டம் காட்டவில்லை.

"பயம் காட்டினால்தான் திருந்துவார்கள்" என்கிற பெரியோர்களுக்கும் பரீட்சை நடந்தாகிவிட்டது. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்து ராவே சிறைக்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய், ஆயுள் கைதிகளை விட்டு உறுமச் சொன்னார்கள். 1978-ல் அதைப் படமெடுத்துக் காட்டி ஊரெல்லாம் மெச்சிற்று. பிறகு கணக்கெடுத்துப் பார்த்ததில், போய் வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகவே தப்புச் செய்திருந்தார்கள். அந்தத் தேசத்திலேயே பிலடெல்பியா, பீனிக்ஸ் ஆகிய இடங்களில் கடுங்குற்றம் செய்த 1,354 சிறார்களை 7 வருஷம் பின்தொடர்ந்தார்கள். விடாமல் அதிகமாகத் தப்புச் செய்துகொண்டிருந்தவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிக நாள் அடைத்துவைத்ததால் ஒரு நன்மையும் காணோம். நம் தேசத்தில் 2022-ல் பதிவான வழக்குகள் 58 லட்சம். சிறார்கள் பேரில் பதிவானவை 30,555. இந்தத் தொகைக்குத் தேசம் அழிந்துவிடும் என்று கூச்சல் போடுகிறவர்களுக்கு வகுத்தல் கணக்குத் தெரியாது போலும்.

மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்தவர் பக்கமும் நியாயமிருக்கிறது. வண்டியின் விளக்கும் மட்கார்டும் உடைந்திருந்தன. அவர் நம்மிடம் கேட்டது, "இனி எடுக்காமல் இருப்பானா?" என்பதுதான். சரியான கேள்வி. அந்த அறிக்கையில் அதற்கு விடை இருந்தது. ஆனால் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. இல்லத்தில் பையனைச் சோதித்த டாக்டர், அவனுக்குக் கிட்டப்பார்வை என்று ஒரு வரி எழுதியிருந்தார். மூன்றாவது வரிசை பெஞ்சியிலிருந்து அவனுக்குக் கரும்பலகை தெரிந்ததே இல்லை. படிப்பில் நாட்டமில்லை என்று பள்ளிக்கூடம் எழுதியதும், வேலைக்குப் போன பட்டறையில் அளவு தப்பிவிட்டதென்று அடித்துத் துரத்தியதும், துரத்தப்பட்டவன் பகலெல்லாம் தேரடியில் உட்கார்ந்திருந்ததும் இதனால் வந்தவை. நாலாம் மாதம் அவன் தாயார் அந்த நகலை எடுத்துக்கொண்டு வந்து, இதில் என்ன எழுதியிருக்கிறதென்று நம்மிடம் கேட்டாள். படித்துச் சொன்னோம். கண்ணாடி வாங்கிக் கொடுத்தது அவன் அத்தை. 600 ரூபாய் ஆயிற்று. நகலில் அந்த வரிக்கு எதிரே, எடுக்க வேண்டிய நடவடிக்கை என்கிற கட்டத்தில், "பின்னர் பரிசீலிக்கலாம்" என்று இருக்கின்றது.