மாதம் மட்டும் போதுமா?



"கணினியே சொல்லிவிட்டது, பிறகென்ன ஐயம்?" என்போரை நான் வன்மையாக மறுக்கிறேன். மூன்றாண்டு வருகைப் பதிவைத் தரவுத்தளத்திலிருந்து மாதவாரியாகத் தொகுத்த அறிக்கையொன்றை அண்மையில் கண்டேன். அதில் பன்னிரண்டே வரிகள்! மாதத்தை மட்டுமே கொண்டு தொகுத்ததால் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஜூலைகளும் ஒரே ஜூலையாகிவிட்டன. 2025 ஜூலையில் ஒரு மாணவன் பல நாள் வாராதிருந்ததை முந்தைய ஈராண்டுகளின் நல்ல வருகை மறைத்துவிட்டது.

ஆண்டையும் மாதத்தையும் சேர்த்தே தொகுத்தல் வேண்டும். 2023/2024 கல்வித் தவணை மார்ச் 2023இல் தொடங்கி அடுத்த ஆண்டில் முடிந்தது. ஆண்டை விட்டுவிட்டால் தவணையின் இறுதியில் வரும் ஜனவரி, முதல் வரியில் வந்து நிற்கும்.

தேதியை '4-2025' என வெறும் எழுத்தாக்கி வரிசைப்படுத்துவதும் தவறே. அங்கே '10-2025' முந்திக்கொள்ளும். ஏப்ரலுக்கு முன் அக்டோபர்! '2025-04' என ஆண்டை முன்னும் ஈரிலக்க மாதத்தைப் பின்னும் வைத்தால் வரிசை பிறழாது. தேதியைத் தேதியாகவே சேமியுங்கள். அழகுபடுத்துவதை இறுதியில் செய்யுங்கள்.

இது கணினியின் பிழையன்று. குறையாகக் கேட்ட நம் பிழை. பள்ளிக்கு வாராத பிள்ளையைக் காட்டாத அறிக்கை எவ்வளவு அழகாயிருந்தென்ன பயன்? சிந்திப்போம்.