80 டெஸ்ட் எடுத்தால் 80 மடங்கு பாதுகாப்பா? 'ஃபுல் பாடி செக்கப்' பின்னால் இருக்கும் கணக்கு

"பெண்களுக்கான ஸ்பெஷல் பேக்கேஜ், 80 டெஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம், இன்று மட்டும் பாதி விலை." இப்படி ஒரு விளம்பரம் போனில் எட்டிப்பார்க்காத வாரமே இல்லை.

சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்க்கும் 29 வயதுப் பெண் ஒருவர் அதை புக் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கு எதுவும் இல்லை. சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாமே என்ற எண்ணம்தான். மறுநாள் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்து விழுகிறது. நான்கு இடங்களில் சிவப்பு எழுத்து. அதில் ஒன்று 'சிஏ 125'. என்னவென்று கூகுளில் தேடினால், சினைப்பைப் புற்றுநோய் என்ற வார்த்தைதான் முதலில் கண்ணில் படுகிறது. அதற்குப் பிறகு எங்கே தூக்கம்?

லேப் தப்பு செய்யவில்லை. ஆனாலும் அவருக்குப் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அது எப்படி?

சிவப்பு எழுத்து எங்கிருந்து வருகிறது?

ரிப்போர்ட்டில் 'நார்மல் அளவு' என்று ஒரு வரம்பு இருக்கும். பல டெஸ்ட்களுக்கு அந்த வரம்பை முடிவு செய்வது இப்படித்தான்: ஆரோக்கியமான ஏராளமானவர்களைப் பரிசோதித்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவை 'நார்மல்' என்று வைத்துக்கொள்வார்கள். மீதி 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். ஆனால், அவர்கள் ரிப்போர்ட்டில் சிவப்பு விழும்.

ஒரு டெஸ்ட்டில் இது சின்ன விஷயம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், எந்த நோயும் இல்லாதவருக்கே ஏதாவது ஒன்றில் சிவப்பு விழும் வாய்ப்பு 64 சதவீதம். 80 டெஸ்ட் என்றால் கிட்டத்தட்ட 98 சதவீதம். (நிஜத்தில் பல டெஸ்ட்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இது கொஞ்சம் குறையும். அந்த '80' என்ற எண்ணும் கொஞ்சம் ஊதிப் பெருக்கியதுதான். ஒரே ஒரு முழு ரத்த அணுப் பரிசோதனையில் வரும் ஒவ்வொரு வரியையும் தனி டெஸ்ட்டாக எண்ணினால் அதுவே இருபதைத் தொட்டுவிடும்.)

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் ஒன்று. அதற்கான டெஸ்ட், நோய் உள்ள எல்லோரையும் கண்டுபிடித்துவிடும். ஆனால், நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் 'பாசிட்டிவ்' காட்டும். வழியில் போகும் 1,000 பேருக்கு இதை எடுத்தால் சுமார் 51 பேருக்கு பாசிட்டிவ் வரும். நிஜமாகவே நோய் இருப்பது ஒருவருக்குத்தான். இப்போது அதே டெஸ்ட்டை, அறிகுறிகளைப் பார்த்து டாக்டர் சந்தேகப்பட்டு அனுப்பிய 1,000 பேருக்கு எடுப்போம். அவர்களில் 200 பேருக்கு நோய் இருக்கிறது என்று கொண்டால், பாசிட்டிவ் வரும் 240 பேரில் 200 பேர் நோயாளிகள். மெஷினும் அதேதான், ரத்தம் எடுக்கும் முறையும் அதேதான். யாருக்கு எடுத்தோம் என்பதுதான் மாறியது.

சிஏ 125 இதற்கு நல்ல உதாரணம். மாதவிடாய் நாட்களில் அது உயரலாம். கருப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பம் என்று புற்றுநோய்க்குச் சம்பந்தமில்லாத காரணங்கள் நிறைய. பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம், இந்த டெஸ்ட்டும் ஸ்கேனும் உயிரைக் காப்பாற்றுகின்றனவா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2021-ல் வந்த முடிவு: சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. அதேசமயம், ஏற்கெனவே அந்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவருக்கு, மருந்து வேலை செய்கிறதா என்று கண்காணிக்க இதே சிஏ 125 கைகொடுக்கிறது.

கொரியா கொடுத்த விலை

'எதற்கும் பார்த்துவைப்பது நல்லதுதானே?' என்று கேட்பவர்களுக்கு தென்கொரியாவின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1999-ல் அந்நாட்டு அரசு தேசிய அளவில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால், 'வந்ததுதான் வந்தீர்கள், கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மருத்துவமனைகள் குறைந்த கட்டணத்தில் சேர்த்துவிட்டன.

விளைவு? 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர். இத்தனை பேரை முன்கூட்டியே பிடித்தால் மரணம் குறைந்திருக்க வேண்டுமே? குறையவில்லை. ஆண்டுக்கு 300 முதல் 400 பேர் என்று அப்படியே நின்றது. ஸ்கேனில் சிக்கியவற்றில் பெரும்பாலானவை, வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராமல் இருந்திருக்கக்கூடிய சின்னஞ்சிறு கட்டிகள்.

ஆனால், 'கேன்சர்' என்று காதில் விழுந்த பிறகு யார் சும்மா இருப்பார்கள்? மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தைராய்டு சுரப்பியையே முழுதாக எடுத்துவிட்டார்கள். அதன்பின் பலருக்கு ஆயுசுக்கும் மாத்திரைதான். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு உடலின் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி பாதித்தது. 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-ல் கொரிய டாக்டர்கள் சிலரே முன்வந்து, தேவையில்லாமல் தைராய்டு ஸ்கேன் எடுக்காதீர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அடுத்த ஓராண்டில் அறுவை சிகிச்சைகள் சுமார் 35 சதவீதம் குறைந்தன.

அப்போ எந்த டெஸ்ட்டுமே வேண்டாமா?

அப்படியில்லை. பிரஷரும் சர்க்கரையும் அறிகுறி காட்டாமல் வளர்பவை. கண்டுபிடிப்பது சுலபம், கண்டுபிடித்தால் சிகிச்சையும் உண்டு. அதனால்தான் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டையும் பார்க்கச் சொல்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து செய்வதும் இதைத்தான்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் இந்த வகை. இதற்கு ஆதாரம் தேடி வெளிநாடு போகவேண்டியதில்லை, திண்டுக்கல் போதும். அங்கே 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் வெள்ளையாக மாறுகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. விலை உயர்ந்த மெஷின் எதுவும் இல்லை. மாற்றம் தெரிந்தவர்களுக்கு உடனே சிகிச்சை கிடைக்க வழி இருந்தது.

இவ்வளவு இருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்ட 30-49 வயதுப் பெண்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. நாடு முழுக்கப் பார்த்தால் 2 சதவீதம்கூட இல்லை.

ஏற்கெனவே நோய் உள்ளவர்களின் கதை வேறு. சர்க்கரை நோயாளிக்கு 'மூன்று மாத சராசரி' டெஸ்ட் அவசியம். ஆனால், ரத்தச் சிவப்பணுவின் ஆயுளே ஏறக்குறைய 120 நாள் என்பதால், அதை மாதாமாதம் எடுத்துப் பெரிதாக எதுவும் தெரியப்போவதில்லை. அதேபோல கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு, திடீர் எடைக்குறைவு இருந்தாலோ, குடும்பத்தில் நெருங்கியவர்களுக்குப் புற்றுநோய் வந்திருந்தாலோ, பேக்கேஜ் தேடாமல் நேராக டாக்டரைப் பார்க்க வேண்டும். எந்த டெஸ்ட் என்று அவர் முடிவு செய்யட்டும்.

சோழிங்கநல்லூர் பெண்ணும் அந்த பிடிஎஃப்போடு டாக்டரிடம் போகிறார். ரத்தம் கொடுத்த அன்று மாதவிடாயா, வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்பதுதான் அங்கே முதல் கேள்விகளாக இருக்கும். அடுத்த வருஷம் அவருக்கு 30 வயது. கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தொடங்கவேண்டிய வயது. அது வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் பார்க்கிற டெஸ்ட் இல்லை என்பதால், அவர் வாங்கிய 80-ல் அது இல்லை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள்.