அடிபம்பு சொன்ன பாடம்



தூக்கணாங்குருவியின் கூட்டைக் கண்டு வியவாதார் இலர். ஆனால் அது கட்டப்படும் முறையைப் பொறுமையோடு இருந்து பார்த்தவர் எத்தனை பேர்? 1930ஆம் ஆண்டு, பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில், ஏணியின் உச்சியில் மறைவிடம் அமைத்து அமர்ந்தார் பறவை ஆய்வாளர் சாலிம் அலி. ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண்குருவி வந்து பார்த்து, மனம் ஒப்பினால் குடியேறுகிறது. ஆண்குருவியோ அதை முடித்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. காத்திருந்த கண்களுக்கே இவ்வுண்மை புலப்பட்டது.

மனிதன் செய்த பொருளை நோக்கவும் இப்பொறுமை வேண்டுமோ? வேண்டும் என்பதற்கு, ஊர்தோறும் நாம் கண்டு பழகிய அடிபம்பே சான்று.

1960களின் கடும் வறட்சியை அடுத்து, பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின்மேல் நிறுத்திய வார்ப்பிரும்புப் பம்புகள் விரைவிலேயே பழுதாயின. கையாளத் தெரியாதவர்கள் என்று ஊரார்மேல் பழி போடுவது எளிது. பம்படியில் நின்று பார்த்தால்தான் காரணம் விளங்கும். மேல்நாட்டில் ஒரு பண்ணைக் குடும்பத்திற்கென வகுத்த பம்பு அது. இங்கோ, விடியல் முதல் இருள்வரை ஓர் ஊரே அதன் கைப்பிடியை அழுத்திற்று!

மகாராஷ்டிரத்தில் மிஷன் பணியாளர்கள் எஃகினால் உறுதியான பம்புகளைச் செய்தனர். அவற்றுள் ஒன்றான சோலாப்பூர் பம்பை அடிப்படையாகக் கொண்டு, 1970களின் நடுவில் 'இந்தியா மார்க் 2' பம்பு உருவாயிற்று. யூனிசெஃப் நிறுவனத்தோடு சென்னைப் பொறியாளர்களும் இதில் பங்கேற்றனர். அதன் மாதிரிகள், நீர்மட்டம் மிக ஆழமான கோவை வட்டாரத்தில் சோதிக்கப்பட்டன.

நோக்குதல் அத்துடன் நின்றுவிடவில்லை. 1980களில் அதே வட்டாரத்தில் பம்புகள் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டன. தோல் வாஷரைவிட நைட்ரைல் ரப்பர் வாஷர் நெடுநாள் உழைப்பது தெரிந்தது. ஆனால் அச்சிறு வாஷரை மாற்றுவதற்கும் கிணற்றுக்குள் இருக்கும் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டியிருந்தது. அதற்குரிய கருவிகளோடு ஆட்கள் வெளியூரிலிருந்து வரவேண்டும். அதுவரை குடம் சுமந்து தொலைதூரம் நடப்பவர்கள் பெண்களே. எனவே 'மார்க் 3' பம்பில் 65 மில்லிமீட்டர் அகலக் குழாய் பொருத்தி, அதன் வழியாகப் பிஸ்டனை மட்டும் வெளியே எடுக்க வகைசெய்தனர். பழுதை ஊரிலேயே நீக்கும் வழி பிறந்தது.

மேசையில் வரைந்தபோது தெரியாத குறை, புழங்கும் இடத்தில் பார்த்தபோது தெரிந்தது. நம் இல்லத்திலும் அப்படித்தான். அடுப்பு மேடையின் உயரம் தாயின் முதுகுக்கு ஏற்றதா? பிள்ளை படிக்கும் இடத்தில் விளக்கொளி விழுகிறதா? ஒரு வாரம் பேசாமல் கவனித்துப் பாருங்கள். ஆளைக் குறைகூறுமுன், அவர் கையிலுள்ள பொருளைப் பார்ப்பதே நேர்மை.