நடுவில் நசுங்கும் விவசாயி

அமெரிக்க விவசாயி என்றதும் ஆயிரம் ஏக்கரும் டிராக்டரும் காரும்தான் நம்மில் பலருக்கு நினைவு வருகிறது. ஆனால் அந்நாட்டுச் சர்க்காரின் கணக்கே வேறு கதை சொல்கிறது. 1935-ல் அங்கே சுமார் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவை சுமார் 19 லட்சம்தான். மற்றவை எங்கே போயின? பெரும்பாலானவற்றைப் பெரிய பண்ணைகள் விழுங்கிவிட்டன.

இதில் பலமாக அடிபட்டவர் நடுத்தர விவசாயி. சிறிய தோட்டக்காரர் தம் காய்கறியை வாரச் சந்தையில் நேரே விற்றுக் காசு பார்க்கலாம். பெரிய பண்ணைக்காரருக்கு மூட்டைக்குச் சில்லறை லாபம் கிடைத்தாலும் போதும். மூட்டைகளின் எண்ணிக்கை அவரைக் காப்பாற்றிவிடும். நடுவில் நிற்பவருக்கு இரண்டு வழியும் இல்லை. சந்தையில் கூவி விற்க அவருடைய விளைச்சல் அதிகம். கம்பெனியோடு பேரம் பேச அது போதாது.

1970களில் விவசாய மந்திரி ஏர்ல் பட்ஸ் பண்ணைகளைப் பெரிதாக்கும்படி தூண்டினார். விவசாயிகள் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். 1980களில் வட்டி ஏறியது. நிலத்தின் விலை சரிந்தது. பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. விளைபொருளை வாங்குவோரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கும் மாடுகளில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டவற்றை நான்கே கம்பெனிகள் வாங்கி அறுக்கின்றன. அங்கே விலை சொல்பவர் விவசாயி அல்ல. ஜனங்கள் உணவுக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரிலும், அதாவது 100 சென்ட்டில், அவருக்குச் சேருவது சுமார் 15 சென்ட்தான்.

இந்த நெருக்கடியில் சிலர் கூடி ஒரு வழி கண்டார்கள். 1986-ல் ஆரெகன் மாநிலத்தில் 14 மாட்டுப் பண்ணைக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. 1988-ல் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயிகள் ‘ஆர்கானிக் வேலி’ கூட்டுறவைத் தொடங்கினார்கள். இவர்களுடைய முறை எளிது. தனித்தனியே விற்காமல் சேர்ந்து விற்பது. மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுவதில்லை, மண்ணைக் கெடுப்பதில்லை என்று உறுதி கூறி, அதை நடத்திக் காட்டுவது. செலவைக் கணக்கிட்டு, அதன் மேல் கட்டுப்படியாகும் விலையைக் கேட்பது. பண்ணை முதல் கடை வரை எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்து, பல ஆண்டுகளுக்குச் சேர்ந்து நடக்கும் சங்கிலி இது. இதுவும் அசைக்க முடியாத கோட்டை அல்ல. 2017-ஐ ஒட்டி ஆர்கானிக் பால் தேவைக்கு மேல் பெருகியபோது, கூட்டுறவே கொள்முதல் விலையைக் குறைக்க நேர்ந்தது. ஆனாலும் தனியாக நின்று அழிவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது நம் கருத்து.

“விவசாயிக்கு விலை கூடினால் என் வீட்டு உலை எப்படிக் கொதிக்கும்?” என்று ஆலைத் தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த டாலரில் மீதி 85 சென்ட்டும் லாபம் என்று நாம் சொல்லவில்லை. லாரி ஓட்டுபவர், ஆலையில் உழைப்பவர், கடையில் நிற்பவர் ஆகியோரின் கூலியும் அதில்தான் இருக்கிறது. ஆனால் விவசாயியின் பங்கு இவ்வளவு சிறிதாக இருக்கும்போது, அது பத்தில் ஒரு பங்கு கூடினாலும் உணவுச் செலவு டாலருக்கு ஒன்றரை சென்ட்தான் கூடும். அதையும் நடுவில் நிற்பவர்களின் லாபத்தில் குறைக்க இடமுண்டு.

விவசாயத் தொழிலாளியின் கேள்வி இதைவிடக் கூர்மையானது: “முதலாளிக்கு நல்ல விலை வந்தால் எனக்கு என்ன?” தானாக ஒன்றும் வராது. 1935-ல் அமெரிக்கா சங்கம் சேரும் உரிமைக்குச் சட்டம் செய்தபோது விவசாயத் தொழிலாளரை ஒதுக்கியது. 1938-ல் மிகைநேரச் சம்பளத்துக்கான சட்டத்திலும் அவர்களை ஒதுக்கியது. மண்ணைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் உறுதி சொல்லும் சீட்டு, பறிக்கும் கைகளைப் பற்றி மௌனம் சாதிக்க முடியும்.

அந்த மௌனத்தைக் கலைத்தவர்கள் புளோரிடாவில் தக்காளி பறிப்பவர்கள். 1993-ல் இம்மொகாலி ஊரில் அணி திரண்டார்கள். 2001-ல் டாக்கோ பெல் உணவுக்கடைகளைப் பகிஷ்கரிக்கும்படி நாட்டைக் கேட்டார்கள். கோரிக்கை என்ன? ஒரு ராத்தல் தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதல்! நான்கு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2005-ல் அந்தக் கம்பெனி இணங்கியது. மற்றப் பெரிய கம்பெனிகளும் பின்னால் வந்தன. 2014-ல் வால்மார்ட்டும் சேர்ந்தது. காசு மட்டுமா? நிழல், குடிதண்ணீர், அடிஉதைக்கும் பாலியல் கொடுமைக்கும் எதிராகப் புகார் செய்யும் உரிமை எல்லாம் ஒப்பந்தத்தில் ஏறின. மீறும் பண்ணையிடம் இந்தக் கம்பெனிகள் தக்காளி வாங்கக் கூடாது!

ஆகவே நாம் சொல்வது இதுதான். நடுத்தர விவசாயி பிழைக்க வேண்டும். கம்பெனிகளுக்கு எதிரே அவர் நம் நண்பர். அவருடைய கூட்டுறவை ஆதரிப்போம். ஆனால் நியாய விலை என்ற கணக்கில் விதை, தீனி, வட்டி ஆகியவற்றோடு கூலி என்ற வரியும் எழுதப்பட வேண்டும். அந்த வரியை யாரும் இனாமாக எழுதித் தரமாட்டார்கள். இம்மொகாலியில் எழுதியவர்கள் தக்காளி பறித்த தொழிலாளிகளே.